எந்தக் குழாய் நல்லது என்று கேட்பவர்களுக்கு

வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் எப்போதும் எரிச்சல் தரும். "எந்த பைப் நல்லது?" அப்பா பொள்ளாச்சியில் சானிட்டரி கடை வைத்திருந்தவர் என்பதால், உறவிலும் நட்பிலும் யார் அஸ்திவாரம் தோண்டினாலும் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். கடையில் உட்கார்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, இப்போது பார்க்கும் வேலைக்கும் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு பெயர், முடிந்தால் ஒரு கம்பெனியின் பெயர். அதைச் சொல்லிவிட்டால் போதும். நன்றி சொல்லி போனை வைத்துவிட்டு, டைல்ஸ் எங்கே வாங்கலாம் என்கிற அடுத்த கவலைக்குப் போய்விடுவார்கள். நானும் "சி.பி.வி.சி. போட்டுவிடுங்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் அது, தவறான பதிலும் இல்லை. இன்று தமிழ்நாட்டில் கட்டப்படும் சாதாரண வீட்டின் உள்வேலைக்குப் பெரும்பாலும் அதுவே பொருத்தமான குழாய். ஆனாலும் அதைச் சொல்லி முடித்த பிறகு ஏதோ ஒன்று உறுத்தும். கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக் குளியலறைச் சுவரை உடைக்க வேண்டி வந்தபோது அந்த உறுத்தல் இன்னதென்று பிடிபட்டது.

அந்தக் கதைக்கு முன்னால் 50 ஆண்டு என்கிற வாக்குறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கடைக்குப் போனாலும் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் பிளாஸ்டிக் குழாய்களுக்கு 50 ஆண்டு ஆயுள் சொல்கிறார்கள். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். குழாய்த் துண்டுகளுக்குள் நீரை அழுத்தி அடைத்துப் பல ஆயிரம் மணி நேரம் வைத்து, எந்த அழுத்தத்தில் எப்போது வெடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, கிடைக்கிற கோட்டை 50 ஆண்டு வரை நீட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். ஒழுங்கான சோதனைதான். ஆனால் அந்தச் சோதனையில் இருப்பது குழாய். நம் வீட்டுச் சுவருக்குள் இருப்பதோ குழாயும், எல்போ, டீ, கப்ளிங் என்கிற இணைப்புத் துண்டுகளும், அவற்றை ஒட்டியவரின் கையும், அன்று அவருக்கு இருந்த அவசரமும். இந்தக் கடைசி இரண்டுக்கும் எந்தத் தரச்சான்றும் கிடையாது.

மரை போட்ட காலம்

அப்பா ஜி.ஐ. குழாயின் ஆள். துத்தநாகம் பூசிய அந்த இரும்புக் குழாய்கள் கடையின் பக்கவாட்டுச் சந்தில் 6 மீட்டர் நீளத்தில் அடுக்கியிருக்கும். மெல்லியது ஏ கிளாஸ், மஞ்சள் பட்டை. நடுத்தரம் பி கிளாஸ், நீலப் பட்டை. கனமானது சி கிளாஸ், சிவப்புப் பட்டை. ஐ.எஸ். 1239 என்கிற தர எண்ணை நான் பள்ளிப் பாடங்களுக்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தேன். பட்டையை நம்பாதே, தராசை நம்பு என்பது அப்பாவின் விதி. ஏ கிளாஸ் குழாய்க்கு நீல பெயின்ட் அடித்து விற்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அரை அங்குல பி கிளாஸ் மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ இருக்க வேண்டும், குறைந்தால் லாரியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

மரை போடுவது தனி வேலை. வைஸில் குழாயை இறுக்கி, மரை வெட்டும் டையை மாட்டி, எண்ணெய் விட்டு, இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார்கள். சுருள் சுருளாக இரும்புச் சீவல் விழும். பிறகு மரையில் சணல் நாரைச் சுற்றி, வெள்ளை பெயின்ட் தடவி, பைப் ரென்ச்சால் இறுக்குவார்கள். மூச்சைப் பிடித்து இறுக்க வேண்டும். இனி நகராது என்கிற இடம் வரை. அப்படி இறுக்கத் தெரிந்தவருக்கே பிளம்பர் என்கிற பெயர் நிலைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துருப்பிடிக்காமல் இருக்கத்தான் துத்தநாகப் பூச்சு. மரை வெட்டும்போது அந்தப் பூச்சைத்தான் முதலில் சீவி எடுக்கிறோம். குழாயின் சுவரும் அங்கேதான் மெலிகிறது. ஆகவே ஜி.ஐ. வேலையில் முதலில் அரிப்பது எப்போதும் இணைப்பு. பித்தளை வால்வோ செம்புக் குழாயோ நேரடியாகச் சேரும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாகும். இரண்டு உலோகமும் நடுவில் நீரும் இருந்தால் அங்கே மின்கலம் ஒன்று உருவாகி, துத்தநாகமும் இரும்பும் கரைந்துபோகும். செம்பு வழியாக வந்த நீரை அதற்கப்புறம் ஜி.ஐ. குழாய்க்குள் விடக்கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான். நீரில் கரைந்து வரும் துளி செம்பு, துத்தநாகத்தின்மேல் படிந்து புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். வெந்நீர்க் குழாயிலும் சிக்கல் உண்டு. 60 டிகிரிக்கு மேல் சில வகைத் தண்ணீரில் துத்தநாகம் தன் காவல் வேலையைத் தலைகீழாக்கிக்கொண்டு இரும்பையே அரிக்க விட்டுவிடும்.

ஆனாலும் ஜி.ஐ. குழாயிடம் ஒரு நேர்மை இருந்தது. எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை. எங்கள் தண்ணீர் அந்த இரண்டாவது எண்ணோடு உறவாடிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் சுண்ணாம்பும் துருவும் மாறி மாறிப் படிந்து வழி குறுகிக்கொண்டே வந்தது. முதலில் ஷவரில் தண்ணீர் மெலிந்தது. பிறகு சமையலறைக் குழாயைத் திறந்தால் குளியலறையில் நின்றுபோனது. காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருக்கும். அம்மா அதைச் செடிக்குப் பிடித்துவைப்பார். மரை இணைப்பு ஒன்றில் சொட்டும், பிறகு அந்தத் துருவே அடைத்துக்கொண்டு நின்றுவிடும். பல ஆண்டுகள் இப்படியே போனது. கடைசியில் குழாயை மாற்றியபோது யாருக்கும் அதிர்ச்சி இல்லை. பணம் சேர்த்துவைக்கப் போதிய அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் அது செத்தது.

அரை அங்குலம் என்று நம்பினோம்

பிளாஸ்டிக் ஏன் ஜெயித்தது என்று கேட்டால் துருப்பிடிக்காது என்பார்கள். அது பாதி உண்மை என்பது என் கட்சி. மீதிப் பாதி கூலி. ஜி.ஐ. வேலைக்கு இரண்டு ஆள், வைஸ், டை செட், தோள்பலம் எல்லாம் வேண்டும். பிளாஸ்டிக்குக்கு ஒரு ஹேக்ஸா பிளேடும் ஒரு டப்பா சால்வென்ட் சிமென்ட்டும் போதும். மூன்று நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது. அதோடு, யார் வேண்டுமானாலும் பிளம்பர் ஆகலாம் என்கிற நிலைமையும் வந்தது.

கடைக்கு முதலில் வந்தவை பி.வி.சி. வகைகள். வெந்நீர் ஆகாது, சூடு 60 டிகிரியை நெருங்கினால் குழாய் தளர்ந்துவிடும். ஆகவே குளிர்ந்த நீருக்கு விறைப்பான பி.வி.சி.யான யு.பி.வி.சி., கீஸர் லைனுக்கு மட்டும் ஜி.ஐ. என்று கொஞ்ச காலம் கலந்து ஓட்டினார்கள். பிறகு சி.பி.வி.சி. வந்தது. அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் எப்போதோ வணிகத்துக்குக் கொண்டுவந்த பொருள், நம்மூருக்கு மெதுவாக வந்து சேர்ந்தது. பி.வி.சி.யில் எடைக் கணக்கில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். மேலும் குளோரின் ஏற்றி அதை 63 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனால் வெப்பம் தாங்கும். சந்தன நிறத்தில் மெலிதாக, கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் போல இருந்த அந்தக் குழாயை அப்பா கடைசிவரை சந்தேகமாகவே பார்த்தார்.

அவருடைய சந்தேகத்துக்கு ஒரு காரணம் நியாயமானது. ஜி.ஐ.யில் அரை அங்குலம் என்றால் உள்விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். சி.பி.வி.சி.யில் அரை அங்குலம் என்றால், அந்த அளவுமுறை செம்புக் குழாய்களின் வெளிவிட்டத்தைப் பின்பற்றுவதால், தடித்த வகையில் உள்ளே கிடைப்பது 12.4 மில்லிமீட்டர்தான். வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போட்டால் தண்ணீர் போகும் வழி 40 சதவீதம் குறைகிறது. பழைய வீட்டில் அரை அங்குல ஜி.ஐ.யைக் கழற்றிவிட்டு அரை அங்குல சி.பி.வி.சி. போட்டவர்கள், "பிளாஸ்டிக்கில் போர்ஸ் இல்லை" என்று கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். குழாயின் குற்றம் இல்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு முக்கால் அங்குலத்தில் குளியலறை வரை வந்து, கடைசி இறக்கம் மட்டும் அரை அங்குலத்தில் கொடுத்திருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்ததால் அளவும் ஒன்று என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். இன்றைக்கும் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

அழுத்தத்தைப் பற்றிய பேச்சும் இதே கதைதான். குழாய்மேல் அச்சடித்திருக்கும் அழுத்த எண்ணைக் காட்டித்தான் விற்பனை நடக்கும். தடித்த வகை சி.பி.வி.சி. சாதாரண வெப்பத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 28 கிலோ தாங்கும். 82 டிகிரி வெந்நீரில் அது 7 கிலோவாக இறங்கிவிடும். இருக்கட்டும். தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால் கிடைப்பது 1 கிலோ. மாடியோடு கூடிய தனிவீட்டின் தரைத்தளத்தில் அதுகூட முழுதாக வராது. பிரஷர் பம்ப் வைத்தாலும் 2, 3 கிலோவுக்குள் அடங்கிவிடும். வீட்டுக் குழாய் அழுத்தம் தாங்காமல் வெடித்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் வேறு காரணத்தைத்தான் தேடுவேன். நான் தேடும் இடம் பெரும்பாலும் இணைப்பு, அல்லது வெயில்.

குளியலறைச் சுவர்

அக்கா வீட்டில் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் ஓதம் பிடித்தது. முதலில் மழையைக் குற்றம் சொன்னார்கள். வெளிச்சுவருக்கு ஏதோ ரசாயனப் பூச்சு அடித்தார்கள். மழை போய்க் கோடை வந்தும் ஓதம் காயவில்லை; சுவரில் உப்பு பூத்தது, அலமாரியின் பின்பலகை வீங்கியது. அடுத்து குளியலறை டைல்ஸ் இடுக்குகளைச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி நிரப்பினார்கள். மாமா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது" என்பார். குறையவில்லை. கடைசியில் வேறொரு பிளம்பர், சிங்காநல்லூர்க்காரர், வந்தார். எல்லாக் குழாய்களையும் மூடியால் அடைத்துவிட்டுக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி மீட்டரைப் பார்க்கச் சொன்னார். முள் மெல்ல இறங்கியது. நானும் அன்று அங்கே இருந்தேன்.

டைல்ஸை உடைத்தோம். அதே டிசைன் இப்போது கம்பெனியில் வருவதில்லை என்பது அக்காவின் தனிச் சோகம். சுவரில் வெட்டிய காடிக்குள் சி.பி.வி.சி. குழாய் புத்தம் புதிதாக இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளேயும் வழவழப்பு, ஒரு துளி சுண்ணாம்பு படியவில்லை. அதன்மேல் அச்சடித்த 50 ஆண்டை அது நிச்சயம் தாண்டியிருக்கும். வெடித்திருந்தது மிக்ஸர் டேப்பைத் திருகும் இடத்திலிருந்த அடாப்டர். உள்மரை முழுக்கப் பிளாஸ்டிக். பித்தளை மரை பதித்த வகை இல்லை. இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில பத்து ரூபாய்கள். அதற்குள் பித்தளைக் கால் ஒன்றை, கனமாக டெஃப்லான் டேப் சுற்றி, மூச்சைப் பிடித்து இறுக்கியிருந்தார்கள். மரை கூம்பு வடிவம். இறுக இறுக அது ஆப்பு இறங்குவது போல உள்ளிருந்து பிளக்கும். இரும்பு அதைத் தாங்கும். பிளாஸ்டிக் அன்றைக்குத் தாங்கியது போலக் காட்டிவிட்டு, ஒரு மயிரிழைக் கீறலை உள்ளே வைத்துக்கொண்டு, பின்னொரு நாள் திறந்துகொள்ளும். அந்தக் கீறலைப் பார்த்தபோது, யார் செய்த வேலை என்று தெரியாவிட்டாலும், அவர் எங்கே தொழில் கற்றிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. இனி நகராது என்கிற இடம் வரை இறுக்கும் அந்தக் கையை நான் சிறுவயதில் கடைச் சந்தில் பார்த்து வியந்திருக்கிறேன்.

அக்கா அந்தச் சிங்காநல்லூர்ப் பெரியவரிடம் கேட்டாள்: "அண்ணா, இனி எந்த பைப் போட்டால் இப்படி ஆகாது?" அவர் பதில் சொல்லவில்லை. வெளியே போனார். வீட்டின் மேற்குப் பக்கம் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் இடையில் புகுந்து மேலே அண்ணாந்து பார்த்தார். மாடிக்கு ஏறித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து, "அம்மா, மேற்குப் பக்கம் ஆள் நுழைய வழி இருக்கிறது. அந்தச் சுவருக்கு நேர் உள்ளேதான் மூன்று குளியலறையும். பைப்பை ஏன் படுக்கையறைச் சுவர் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்?" என்றார். அக்காவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எந்தக் குழாய் என்று கேட்டால் எந்தச் சுவர் என்கிறாரே என்று என்னைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்தது. நாங்கள் எல்லோரும் குழாய் எத்தனை காலம் வாழும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் அது எப்படிச் சாகும், சாகும்போது யார் கண்ணில் படும் என்று பார்த்தார். ஜி.ஐ. வருடக்கணக்கில் முனகிவிட்டுச் சாகும். மெலிந்த தண்ணீர், செம்பழுப்பு நிறம், சொட்டு என்று அடையாளம் காட்டும். பிளாஸ்டிக் கடைசி நிமிடம் வரை முழு ஆரோக்கியமாக இருக்கும். ஷவரில் தண்ணீர் குறையாது, நிறம் மாறாது. சுவருக்குள் கசிந்தாலும் உனக்குத் தெரிவது அலமாரி வீங்கிய பிறகுதான். அப்படிச் சாகும் பொருளைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புதைத்து, அதன்மேல் திரும்பக் கிடைக்காத டைல்ஸை ஒட்டுகிறோம். ஜி.ஐ. காலத்தில் பெரும்பாலான வீடுகளில் குழாய் சுவருக்கு வெளியே, கிளாம்ப்பில் ஓடியது. பொருள் எச்சரிக்கை கொடுத்த காலத்தில் அதைத் திறந்து வைத்தோம். எச்சரிக்கை கொடுக்காத பொருள் வந்ததும் மூடிவைக்க ஆரம்பித்தோம். இந்த முரணைப் பற்றிக் கட்டடக் கண்காட்சிகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

தண்ணீருக்கும் ஒரு வாக்கு உண்டு

அமெரிக்காவில் 1978 முதல் 1990களின் நடுப்பகுதி வரை பாலிபியூட்டிலீன் என்றொரு குழாயை லட்சக்கணக்கான வீடுகளில் போட்டார்கள். விலை குறைவு, வளைத்துக் கொண்டுபோகலாம், வேலை சீக்கிரம் முடியும். எதிர்காலத்தின் குழாய் அதுதான் என்றார்கள். நகராட்சிகள் கிருமிநீக்கத்துக்குச் சேர்க்கும் குளோரின் அந்தப் பொருளையும், குறிப்பாக அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும், உள்ளிருந்து உதிர வைத்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. 1995இல் தொடங்கிய இழப்பீட்டு ஏற்பாட்டின் அளவு 95 கோடி டாலர். சோதனைக்கூடத்தில் தேறிய குழாய்தான் அது. வீட்டுக்கு வந்த தண்ணீரில் தேறவில்லை.

மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரத்தில் இதே பாடம் இன்னும் கொடூரமாக நடந்தது. அங்கே மண்ணுக்குள் பழைய ஈயக் குழாய்கள் இருந்தன. உட்புறம் படிந்திருந்த ஒரு மெல்லிய அடுக்கு ஈயத்தை நீரோடு சேராமல் தடுத்துக்கொண்டிருந்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நீராதாரத்தை ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. அடுக்கு கரைந்தது, ஈயம் குழந்தைகளின் ரத்தத்துக்குப் போனது. குழாய் மாறவில்லை, தண்ணீர் மாறியது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரிய வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நாம். கேரளத்து மலையிலிருந்து வரும் சிறுவாணியோ பில்லூர்த் தண்ணீரோ நல்ல தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணீர். தொட்டி இரண்டு, லைன் இரண்டு. உப்பு குறைந்த நீரில் சுண்ணாம்பு படியாது. ஆகவே இரும்பின்மேல் காவலாக எந்த அடுக்கும் சேராது, ஆனால் வழியும் அடையாது. போர்வெல் நீரில் அடுக்கு சேர்ந்து வழியையே அடைத்துவிடும். குளோரைடு மிகுந்தால் துத்தநாகத்தையும் தின்னும். அக்கா தெருவில் ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு வீடுகளில், ஒன்றில் ஜி.ஐ. இன்றும் உழைக்கிறது, மற்றதில் எப்போதோ கழற்றிப் போட்டாகிவிட்டது. முதல் வீட்டுக்காரர் தன் பிளம்பரைப் புகழ்கிறார். அவர் புகழ வேண்டியது அந்தக் குழாயில் ஓடும் சிறுவாணியை.

பிளாஸ்டிக்கில் தண்ணீரின் உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது என்பது உண்மை; அந்த ஒரு காரணத்துக்காகவே போர்வெல் லைனுக்கு நான் இரும்பைச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கும் எதிரிகள் உண்டு. சி.பி.வி.சி. எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களைத் தாங்காது. எண்ணெய் கலந்த பழைய மரைப் பசை, சில கரையான் மருந்துகளில் கலக்கும் பெட்ரோலியக் கரைப்பான், மேலே உராயும் மென்மையான பி.வி.சி. மின்கம்பியின் உறை, இவையெல்லாம் காலப்போக்கில் அதில் கீறல் விழச் செய்யும். யு.பி.வி.சி.யில் வேறொரு விஷயம்: குழாயைத் தயாரிக்கும்போது ஈய உப்புகளைச் சேர்க்கும் வழக்கம் நம் நாட்டில் வெகுகாலம் இருந்தது. அதைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு 2021இல் விதிகளை அறிவித்தது. குடிநீருக்குப் பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

செம்பைப் பற்றிக் கேட்பார்கள். வெளிநாட்டில் நல்லபடியாக ஓடுகிறது. இங்கே விலையும், வெள்ளிப் பற்றவைப்பு தெரிந்த பிளம்பர் கிடைப்பதும், கட்டும்போதே திருடு போவதும் மூன்று தனித்தனித் தலைவலிகள். பச்சை நிற பி.பி.ஆர். என்கிற பிளாஸ்டிக் குழாய் நல்ல பொருள், பசை கிடையாது, 260 டிகிரியில் இரண்டு முனைகளையும் உருக்கிச் சேர்ப்பதால் இணைப்பும் குழாயும் ஒரே உடலாகிவிடும். ஆனால் உருக்கும் கருவியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர் கையில் உள்ளே உருகி வழிந்து பாதி வழியை அடைத்துவிடும், அதுவும் வெளியே தெரியாது. ஊரில் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அவர் ஊரை விட்டுப் போன பிறகு வரும் கசிவை யார் சரிசெய்வார் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். பொருளைவிட அதைப் பழுதுபார்க்கும் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மேற்குச் சுவர்

கடைசியில் அக்கா வீட்டில் போட்டதும் சி.பி.வி.சி.தான். மாறியது பாதை. தொட்டியிலிருந்து இறங்கும் முக்கால் அங்குல லைன்கள் மேற்குச் சுவரின் வெளிப்புறமாக வருகின்றன. ஒவ்வொரு குளியலறைக்கும் வெளியிலேயே ஒரு வால்வும், கழற்றி மாட்ட ஒரு யூனியனும். உள்ளே போவது சுவரைத் துளைத்து ஒரு முழ நீளம் மட்டும். மரை வருகிற இடமெல்லாம் பித்தளை பதித்த அடாப்டர். பசைக்குப் பெரியவர் ஒரு கடிகாரமே வைத்திருந்தார்: வெட்டிய முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிசிறு நீக்கி, தடவி, உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடித்துக்கொள்வார். அந்தப் பசை ஒட்டுவதில்லை, இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. கையை உடனே எடுத்தால் குழாய் பின்னால் நகர்ந்துவிடும் என்றார். யு.பி.வி.சி. பசை டப்பாவைக் கொண்டுவந்த உதவியாளரைத் திட்டித் திருப்பி அனுப்பினார்.

அக்கா ஒப்புக்கொள்ள நாளாயிற்று. வெளிச்சுவரில் குழாய் ஓடினால் அசிங்கமாக இருக்கும், கடன் வாங்கி முகப்பு கட்டியது எதற்கு என்றாள். மேற்குப் பக்கம் காம்பவுண்டுக்கு அப்பால் காலி மனைதானே என்று மாமா சொன்னதற்கு, "நாளைக்கு அங்கே வீடு வராதா?" என்று பதில் வந்தது. வெயிலும் ஒரு நியாயமான தடை. சூரிய ஒளியில் இந்தக் குழாய் வெளுத்து உடையக்கூடியதாகிவிடும். அதற்குப் பெயின்ட் அடித்தாக வேண்டும், தண்ணீரில் கரையும் வகை மட்டும். தின்னர் கலக்கும் எண்ணெய் பெயின்ட் குழாயையே பதம் பார்க்கும். சுவரின் நிறத்திலேயே அடித்துவிடலாம் என்று பெரியவர் சொன்ன பிறகு அக்கா இறங்கி வந்தாள்.

சோலார் வெந்நீர் லைனில்தான் சண்டை தீரவில்லை. கோடை மதியத்தில் யாரும் வெந்நீர் எடுக்காவிட்டால் அந்தத் தொட்டியில் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும், சி.பி.வி.சி.க்கு அது எல்லைக்கோடு. மேலும் 10 மீட்டர் சி.பி.வி.சி. 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளும். இரும்பு 5 மில்லிமீட்டர்கூட நீளாது. தொட்டியை ஒட்டிய முதல் துண்டு ஜி.ஐ., அதற்கப்புறம் சி.பி.வி.சி., நடுவில் நீள்வதற்கு ஒரு வளைவு என்று பெரியவர் சொன்னார். வெந்நீரில் ஜி.ஐ. அரிக்குமே என்று நான் அப்பாவின் பாடத்தை எடுத்துவிட்டேன். "அரிக்கட்டும். மொட்டைமாடியில் கண்ணெதிரே அரிக்கும். அரித்தால் ஒரு துண்டை மாற்றிக்கொள்ளலாம்" என்றார். என்னிடம் மறுப்பு இல்லை, ஆனால் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவும் இல்லை. பி.பி.ஆர். போட்டிருக்கலாம் என்று மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

துளைகளை அடைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பசையைக் காயவிட்டு, மறுநாள் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார்கள். முள் நின்ற இடத்தில் நின்றது. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைத் தரையிலிருந்து நீட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்துவைக்கும்படி பெரியவர் சொன்னார். பின்னாளில் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கிறவர் குழாயில் அடிக்காமல் இருக்க. மாமா அவற்றைப் பிரிண்ட் போட்டு, பின்னால் அறையின் பெயரை எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே கோப்பில் வைத்திருக்கிறார்.